பூவா, தலையா? மார்க்கு எத்தனை?

இரண்டு நாணயங்கள். இரண்டையும் சுண்டி எறிகிறோம். ஒன்றில் மட்டும் தலை விழ எவ்வளவு வாய்ப்பு?

இது பள்ளிக்கூடத்துக் கேள்வி. ஒரு மாணவன் "பாதி" என்று விடை எழுதினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான விடை!

ஆனால் அதற்கு அவன் சொன்ன காரணம் என்ன தெரியுமா?

"அப்படி விழும், இல்லாவிட்டால் விழாது. இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஆகவே பாதி."

திருத்துகிற வாத்தியார் சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்தபடி திகைக்கிறார். விடை சரி. காரணமோ முழுத் தப்பு. மார்க்கு போடுவதா, வேண்டாமா?

பையன் சொல்கிறபடி பார்த்தால், பரிசுச் சீட்டு வாங்கியவனுக்கு முதல் பரிசு விழும்; அல்லது விழாது. ஆகவே பாதி வாய்ப்பு! அப்படியானால் ஊரில் பாதிப் பேர் லட்சாதிபதி ஆகியிருக்க வேண்டுமே!

உண்மையான காரணம் வேறு. இரண்டு நாணயங்களும் நாலு விதமாக விழலாம். தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ. இந்த நாலும் ஒரே அளவு வாய்ப்பு உள்ளவை. இவற்றில் ஒரே ஒரு தலை வருவது இரண்டு விதம். நாலில் இரண்டு என்றால் பாதி.

வாய்ப்பை இப்படி அளந்து சொல்லும் கணக்குக்கு "நிகழ்தகவு" என்று பெயர். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே இது ஒரு பாடம். புள்ளி விவரக் கணக்கோடு சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள்.

மற்றக் கணக்குகளில் இந்தத் தொல்லை குறைவு. 17-ஐ 23-ஆல் பெருக்கு என்றால், விடை 391. தப்பான வழியில் போய் 391-ஐப் பிடிப்பது கஷ்டம். நிகழ்தகவில் அப்படி அல்ல. பாதி, கால், முக்கால் என்று சின்ன விடைகள். குருட்டாம்போக்கில் எழுதினாலும் சில சமயம் சரியாகப் போய்விடும்!

மேதை எழுதிய விடை

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. நன்றாக யோசித்து எழுதியிருப்பான். விடை மட்டும் தப்பாக இருக்கும்.

பிரான்ஸ் நாட்டில் 1717-ம் ஆண்டு, பாரிஸ் நகரத்து மாதா கோவில் ஒன்றின் படிக்கட்டில் ஒரு பச்சைக் குழந்தை கிடந்தது. பெற்றவள் விட்டுவிட்டுப் போய்விட்டாள். ஜன்னல்களுக்குக் கண்ணாடி பதிக்கும் தொழிலாளி ஒருவரின் மனைவி அந்தக் குழந்தையை எடுத்து வளர்த்தாள். நாற்பது வயது தாண்டிய பிறகும் அவன் அவள் வீட்டிலேயே இருந்தான்.

அந்தப் பிள்ளைதான் டி ஆலம்பேர். ஐரோப்பா முழுவதும் கொண்டாடிய கணித மேதை!

டிடரோ என்ற அறிஞரோடு சேர்ந்து அவர் ஒரு பெரிய கலைக்களஞ்சியத்தை உருவாக்கினார். 1754-ல் வெளிவந்த அதன் நாலாவது தொகுதியில் "பூவா தலையா" விளையாட்டைப் பற்றி அவரே எழுதினார். நாணயத்தை இரண்டு தடவை சுண்டினால், ஒரு தடவையாவது தலை விழ எவ்வளவு வாய்ப்பு என்பது கேள்வி.

மற்றவர்கள் எல்லாரும் "முக்கால்" என்றார்கள். டி ஆலம்பேர் ஒப்பவில்லை. "மூன்றில் இரண்டு" என்றார்.

அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். முதல் தடவையே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. மறுபடி சுண்ட வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே மூன்று விதந்தான் உண்டு. முதலிலேயே தலை, முதலில் பூ, பிறகு தலை, இரண்டு தடவையும் பூ. இந்த மூன்றில் இரண்டு ஜெயம். எனவே மூன்றில் இரண்டு!

கேட்டால் நியாயமாகத்தானே தோன்றுகிறது? எங்கே தப்பு?

நூறு தடவை இந்த ஆட்டத்தை ஆடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 50 ஆட்டத்தில் முதல் சுண்டலிலேயே தலை விழுந்துவிடும். மீதி 50 ஆட்டத்தில் இரண்டாம் தடவை சுண்ட வேண்டும். அதில் சுமார் 25-ல் தலை, 25-ல் பூ. ஆக மொத்தம் 75 ஜெயம். முக்கால்தான் சரி.

மூன்று விதம் என்று பிரித்தது தப்பு இல்லை. மூன்றுக்கும் ஒரே எடை போட்டதுதான் தப்பு. முதல் விதத்துக்கு எடை 50. மற்ற இரண்டுக்கும் 25, 25.

ஜெர்மனி தேசத்து மேதை லைப்னிட்சும் இதே மாதிரி வழுக்கி விழுந்தவர்தான். இரண்டு பகடை உருட்டினால் 11 விழுவதும் 12 விழுவதும் சமம் என்று அவர் நினைத்தார். 12-க்கு ஆறும் ஆறும் விழ வேண்டும், ஒரே வழி. 11-க்கு ஐந்து-ஆறு, ஆறு-ஐந்து என்று இரண்டு வழி உண்டு.

இன்றைக்கும் வகுப்பில் பத்துப் பையன்கள் இதே விடைகளை எழுதுகிறார்கள். அவர்களை "மக்கு" என்று திட்டுகிற வாத்தியார், கூடவே லைப்னிட்சையும் திட்டுகிறார்!

திருத்துகிறவர்களுக்குப் பயிற்சி

ஒரு வாத்தியார் பூஜ்யம் போடுவார். இன்னொருவர் பாதி மார்க்கு போடுவார். மாணவனின் கதி, தாள் யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்ததா?

அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்குக் கல்லூரித் தரத்தில் புள்ளியியல் பரீட்சை ஒன்று 1997-ல் தொடங்கியது. தாள்களைத் திருத்துகிறவர்கள் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும். எடுத்த எடுப்பில் அவர்கள் பேனாவைத் தொட முடியாது. முதலில் மாதிரி விடைகளைத் திருத்திப் பழக வேண்டும். எல்லாருடைய மார்க்கும் ஒத்துவந்த பிறகுதான் உண்மைத் தாள்கள் கைக்கு வரும்.

ஒவ்வொரு விடையையும் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் "சரி", "ஓரளவு சரி", "தப்பு" என்று மூன்றில் ஒன்று. அவற்றைச் சேர்த்து ஒரு கேள்விக்கு 0 முதல் 4 வரை மார்க்கு.

காரணம் இல்லாத வெறும் விடைக்கு அங்கே முழு மார்க்கு கிடையாது. "விழும், விழாது, ஆகவே பாதி" என்ற நம் பையன் அங்கே போனால் திண்டாட்டந்தான். டி ஆலம்பேர் போனால், பிரித்துக் காட்டியதற்காக "ஓரளவு சரி" கிடைத்தாலும் கிடைக்கும்.

முதல் பகுதியில் தப்பான எண் வந்து, அதே எண்ணை வைத்து அடுத்த பகுதியைச் சரியாகச் செய்தால், அடுத்த பகுதிக்கு மார்க்கு உண்டு. ஒரு தப்புக்கு இரண்டு தண்டனை இல்லை. மிக நியாயமான ஏற்பாடு.

இன்னொன்று. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு விதமாக விடை எழுதி வைக்கும் கெட்டிக்காரர்கள் உண்டு அல்லவா? அவர்களுக்கு இரண்டில் மோசமான விடைக்குத்தான் மார்க்கு!

பைக்குள் பந்து

திருத்துகிறவர்கள் அடிக்கடி பார்க்கும் தப்பு ஒன்று உண்டு. அது பெருக்கல் தப்பு.

ஒரு பையில் 5 சிவப்புப் பந்து, 3 வெள்ளைப் பந்து. கண்ணை மூடிக்கொண்டு ஒன்று எடுக்கிறோம். அதைத் திரும்பப் போடாமல் இன்னொன்று எடுக்கிறோம். இரண்டும் சிவப்பாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

முதல் பந்துக்கு எட்டில் ஐந்து. சரி. இரண்டாவதற்கும் எட்டில் ஐந்து என்று எழுதி, இரண்டையும் பெருக்கிவிடுகிறான் பையன். இங்கேதான் சறுக்கல். முதல் பந்து வெளியே வந்ததும் பையே மாறிவிட்டது. இப்போது உள்ளே 7 பந்துதான். அதில் சிவப்பு 4. இரண்டாவதற்கு ஏழில் நாலு என்று எழுதிப் பெருக்கியிருக்க வேண்டும். சரியான விடை 14-ல் 5.

முதல் நிகழ்ச்சிக்கும் இரண்டாவதற்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்க வேண்டும். சம்பந்தமே இல்லை என்றால்தான் அதே எண்ணை அப்படியே இரண்டு முறை போட்டுப் பெருக்கலாம்.

பையனுக்கு ஒரு மார்க்கு போச்சு. வீட்டில் அப்பா இரண்டு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான்.

ஆனால் இதே தப்பு ஒரு கோர்ட்டிலும் நடந்தது!

7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று

சாலி கிளார்க் இங்கிலாந்தைச் சேர்ந்த பெண் வக்கீல். 1996-ம் ஆண்டு டிசம்பரில் அவருடைய கைக்குழந்தை திடீரென்று இறந்தது. 1998 ஜனவரியில் இரண்டாவது குழந்தையும் அதேபோல் இறந்தது.

பெற்ற தாயே இரண்டு குழந்தைகளையும் கொன்றுவிட்டாள் என்று வழக்குத் தொடர்ந்தார்கள்.

1999-ல் விசாரணை. சாட்சிக் கூண்டில் ஏறிய ஒரு மருத்துவ நிபுணர் கணக்குச் சொன்னார். இப்படிப்பட்ட வசதியான குடும்பத்தில், காரணம் தெரியாமல் ஒரு குழந்தை தூக்கத்தில் இறப்பது 8,543-ல் ஒன்று. இரண்டு குழந்தைகள் இறக்க வேண்டுமானால், 8,543-ஐ 8,543-ஆல் பெருக்க வேண்டும். 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று!

ஜூரிகளில் பத்துப் பேர் "குற்றவாளி" என்றார்கள். இரண்டு பேர் ஒப்பவில்லை. சாலிக்கு ஆயுள் தண்டனை.

அந்த நிபுணரின் கணக்கை ஒரு விடைத்தாளாக வைத்துத் திருத்திப் பாருங்கள். இரண்டு குழந்தைகளும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவை. ஒரே ரத்தம், ஒரே வீடு. முதல் குழந்தையைக் கொண்டுபோன ஏதோ ஒரு கோளாறு இரண்டாவதற்கும் இருக்கலாம் அல்லவா? சம்பந்தம் இல்லை என்று யார் சொன்னது? பெருக்கியது தப்பு.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் உண்டு. அந்த எண் சரி என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டு குழந்தைகள் இயற்கையாக இறப்பது எவ்வளவு அபூர்வம் என்பதைத்தான் அது காட்டும். சாலி நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு அது அல்ல. ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வதுகூட மிக மிக அபூர்வமே. இரண்டு அபூர்வங்களில் எது அதிகம் என்று எடை போட்டிருக்க வேண்டும். பரிசுச் சீட்டில் முதல் பரிசு விழுவது பல லட்சத்தில் ஒன்று. அதற்காகப் பரிசு வாங்கியவன் மோசடிக்காரன் என்று ஜெயிலில் போடுவதா?

2000-ம் ஆண்டு செய்த அப்பீல் தள்ளப்பட்டது. 2001 அக்டோபரில் இங்கிலாந்தின் அரச புள்ளியியல் சங்கம் வெளிப்படையாக அறிக்கை விட்டது. அந்த எண்ணுக்குப் புள்ளியியலில் ஆதாரமே இல்லை என்றது. 2002 ஜனவரியில் அரசாங்கத்துக்கும் கடிதம் எழுதியது. புள்ளியியல் கணக்கைத் தகுதி உள்ள நிபுணர்களே கோர்ட்டில் சொல்ல வேண்டும் என்று கேட்டது.

சாலியின் கணவர் சளைக்காமல் போராடினார். இரண்டாவது குழந்தையின் உடலில் நோய்க் கிருமிகள் இருந்ததைக் காட்டும் ஆய்வுக்கூட முடிவுகள் தற்காப்பு வக்கீல்களுக்குத் தரப்படவே இல்லை என்பது வெளியாயிற்று. முக்கியமாக அதை வைத்துத்தான் 2003 ஜனவரியில் தண்டனை ரத்தாயிற்று. அந்த 7 கோடிக் கணக்கையும் நீதிபதிகள் கண்டித்தார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்த சாலி வீடு திரும்பினார்.

திரும்பினாரே தவிர, தேறவில்லை. 2007 மார்ச்சில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 42.

இங்கிலாந்தில் 2017-ல் புள்ளியியல் சங்கத்தாரும் வக்கீல்களின் பயிற்சிக் கல்லூரியும் சேர்ந்து ஒரு கையேடு வெளியிட்டார்கள். வக்கீல்களுக்கான புள்ளியியல், நிகழ்தகவுப் பாடம் அது. இரண்டு வாய்ப்புகளை எப்போது பெருக்கலாம், எப்போது பெருக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது.