வயற்குறிப்பும் கைபேசியும்

பச்சைமலை அடிவாரத்திலுள்ள உப்பிலியபுரம் வட்டாரத்துக் குடியானவர்களிற் பலர், பயிருக்கு மருந்து தெளித்த தேதியை நினைவில் மட்டுமே வைத்திருக்கின்றனர். அது போதாது. தெளித்த நாள் தெரிந்தாலன்றோ அறுவடைக்கு முன் விடவேண்டிய இடைவெளியைக் காத்து, உண்பவருக்குத் தீங்கு நேராமல் தடுக்கலாம்?

யான் குறிப்புகளைக் கைபேசியில் எழுதி வந்தேன். சென்ற பருவத்தில் அது கிணற்றில் விழுந்தது. குறிப்புகளும் உடன் மூழ்கின. அதன்பின், 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த கூகுள் கீப் என்னும் கட்டணமில்லாச் செயலியைக் கைக்கொண்டேன். வரப்பில் நின்று எழுதுவது, அதே கணக்கில் திறந்த அலுவலகக் கணிப்பொறியிலும் தோன்றுகிறது. இணையம் எட்டாத மலையோரத்திலும் எழுதலாம். தொடர்பு கிடைத்ததும் குறிப்பு தானே போய்ச் சேரும்.

வயலுக்கொரு குறிப்பு வைத்து, தேதி, மருந்தின் பெயர், அளவு ஆகிய மூன்றையும் தெளித்த அன்றே எழுதுக. வீட்டிலுள்ள பிள்ளைகளின் கைபேசிக்கும் அக்குறிப்பைப் பகிரலாம்.

ஓர் எச்சரிக்கை: ஒரு கருவியில் அழித்தது எல்லாவற்றிலும் அழியும், 7 நாட்களுக்குள் மட்டுமே மீட்கலாம். கடவுச்சொல்லை மறவாதிருத்தலும் அவசியம். அது இன்றேல் புதுக் கைபேசியிலும் பழைய குறிப்பு கிட்டாது.