வீட்டுக்குப் புரியாத வேலை

(தொடர்: முதல் படிப்பாளிகள் – 9)

கோவை பீளமேட்டில் ஹோப் காலேஜ் என்று ஒரு பஸ் ஸ்டாப் உண்டு. அந்தப் பெயரில் காலேஜ்தான் இல்லை. சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் 1945-ல் ஜி.டி. நாயுடு முன்னின்று தொடங்கிய கல்லூரி அது. பின்னாளில் தடாகம் ரோட்டுக்குப் போய் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆகிவிட்டது. அங்கே முதல்வராக இருந்த நாயுடு, இன்ஜினீயரிங் படிக்க எதற்கு நாலு வருஷம், இரண்டே தாராளம் என்று வாதாடினார். சர்க்கார் ஒப்பவில்லை; அவர் விலகிக்கொண்டார்.

பள்ளிக்கூடப் படிப்பையே முடிக்காத அந்த மனிதரிடம் இன்றைக்கு ஒரு பெண் போய், "மனநல ஆலோசகராக அஞ்சு வருஷம் படிக்கோணுமுங்க, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகோணும்னா ஏழு" என்று சொன்னால் என்ன பதில் வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஆனால் அந்த வருஷக் கணக்கு உண்மையிலேயே உறைப்பது, வீட்டில் அவளுக்கு முன்னால் யாருமே கல்லூரி வாசலை மிதிக்காத குடும்பத்துக்குத்தான்.

சென்ற வாரம் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழோடு இன்ஜினீயரிங் போனவர்களைப் பார்த்தோம். 2010-11-ல் கருணாநிதி ஆட்சியில் வந்த சலுகை அது. வி.ஏ.ஓ., தாசில்தார் என்று அலைந்து சான்றிதழ் வாங்கிவிட்டால், ஒற்றைச் சாளர முறையில் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தை அரசு கட்டும். தொழிற்படிப்பு என்பதுதான் நிபந்தனை. பி.எஸ்சி. உளவியல் அந்தப் பட்டியலில் இல்லை. அதே வீடு, அதே வறுமை. சைக்காலஜி என்று முடிவெடுத்த நிமிஷமே அந்தச் சான்றிதழ் கட்டணத்துக்கு உதவாமல் போகிறது.

ஆறுதலாக வேறு சில உண்டு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கப்பட்டது, இதே கோவையின் அரசு கலைக் கல்லூரியில்தான். ஆயிரம் ரூபாய் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஆகும். பட்டப்படிப்பு முடிந்த பிறகு வரும் வருஷங்களுக்கு அது வராது. இந்தத் துறையில் கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பீளமேடு இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பழகிய இடம். பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் மகன்கள் நால்வர் 1926-ல் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார்கள். அதிலிருந்து கிளைத்தவைதான் அவிநாசி ரோட்டின் பி.எஸ்.ஜி. நிறுவனங்கள். மில் தொழிலாளி வீட்டிலிருந்து முதல் பட்டதாரி கிளம்பிய கதை பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் ஏராளம். 1947-ல் வந்த பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, 1963-ல் வந்த பி.எஸ்.ஜி.ஆர். கிருஷ்ணம்மாள் மகளிர் கல்லூரி, இரண்டிலும் இன்று உளவியல் துறை இருக்கிறது.

சோமனூர், கருமத்தம்பட்டி பக்கத்து விசைத்தறி வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பெண் பி.எஸ்சி. உளவியல் மூன்றாம் வருஷம். "முடிச்சா என்ன சோலிக்கு அம்மிணி போவே?" என்கிறார் அப்பா. நர்ஸ் என்றால் தெரியும், டீச்சர் என்றால் தெரியும், கம்ப்யூட்டர் கம்பெனி என்றால் டைடல் பார்க்கைக் கை நீட்டிக் காட்டலாம். ஆலோசகர் வேலையைச் சொல்லிப் புரியவைக்க அவளிடம் காட்ட ஆளில்லை. சொந்தத்தில், குலக் கூட்டத்தில், ஊரில் ஒருவர்கூட இந்த வேலை பார்த்ததில்லை. "ஆறுதல் சொல்றதுக்கு எவன் கண்ணு காசு குடுப்பான்?" என்று அம்மா கேட்பதில் கேலி இல்லை. நேர்மையான சந்தேகம் அது. அந்த ஊரில் மனசு சரியில்லை என்றால் போக இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன: மந்திரிக்கிற ஆள், குறி சொல்கிற ஆத்தா, வேண்டுதலுக்குப் பழனி.

இதற்கிடையில் தறிக் கூலிப் பேச்சுவார்த்தையும் முறியும். 2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கூலிக்கு நெய்யும் தறிகள் வாரக்கணக்கில் நின்றது நினைவிருக்கும். தறி நின்றால் செமஸ்டர் பணமும் நிற்கும்.

ஆனால் இந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் சம்பளம் கொடுத்த இடம் முன்பே உண்டு, அதுவும் கொங்குச் சீமைக்குள்ளேயே. 1986-ல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. அதன் பிறகு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையங்கள் வந்தன. ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஒரு பேச்சு, முடிவு சொல்லும்போது ஒரு பேச்சு. அதற்கென்று ஆலோசகர் ஒருவர். உளவியலோ சமூகப்பணியோ படித்தவர்கள், ஒப்பந்த ஊழியர்களாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

நாமக்கல்லில் அந்த நாற்காலி எவ்வளவு கனமாக இருந்திருக்கும்! லாரியும், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியும் இந்தியா முழுக்கப் போய்வந்த மாவட்டம். எச்.ஐ.வி. என்றாலே நாமக்கல்லைச் சொன்ன காலம் அது. டிரைவர் புருஷனுக்கு என்னவென்று தெரியாமல் கர்ப்பப் பரிசோதனைக்கு வந்த இருபது வயதுப் பெண்ணிடம் முடிவைச் சொல்ல வேண்டும். மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். யாரிடம், எதை, எந்த வார்த்தையில் சொல்வது? அடுத்த ஐந்து நிமிஷம் அவளை எப்படித் தாங்குவது? புத்தகம் கொஞ்சம் சொல்லித்தரும். மீதியை மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் அந்த ஊர்க்காரராக இருந்தால்தான் சமாளிக்க முடியும். மனநல ஆலோசனை பணக்காரர் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் நம்பிக்கை மையத்தில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

இங்கேதான் முதல் தலைமுறைப் பிள்ளை கையில் வைத்திருக்கும் சொத்து தெரியவருகிறது. கேள்வித்தாள்களும் அளவுகோல்களும் ஆங்கிலத்தில் பிறந்தவை. எதிரே இருப்பவரோ "மனசு பொக்குன்னு போச்சுங்க", "ஒரே வெசனமுங்க" என்பார். அதற்குள் கடன் இருக்கிறதா, சாவு இருக்கிறதா, தூக்கம் கெட்டு எத்தனை நாள் என்று தோண்டியெடுக்க, அந்தப் பேச்சு காதில் விழுந்தே வளர்ந்தவருக்குச் சுலபம்.

உலகமும் இதை மெதுவாகத்தான் கண்டுகொண்டது. கோவாவில் 1996-ல் தொடங்கிய சங்காத் என்ற அமைப்பு, மனநலத் துறைப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக வைத்தது. விக்ரம் பட்டேலும் சகாக்களும் அதைச் சோதித்து, 2010-லும் 2017-லும் லான்செட் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். மனச்சோர்வுக்கு அந்தப் பேச்சு பலன் தந்தது. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் பாட்டிமாரை மர பெஞ்சில் உட்காரவைத்து அதையே செய்தார். தமிழுக்கு இன்னும் பக்கத்தில், போருக்கு நடுவே யாழ்ப்பாணத்தில், தயா சோமசுந்தரம் போன்ற மனநல மருத்துவர்கள் ஆசிரியர்களையும் ஊர்த் தொண்டர்களையும் பயிற்றுவித்தார்கள். 1987-லிருந்து அங்கே இயங்கும் சாந்திகம் என்ற ஆலோசனை அமைப்பு அந்தக் காலத்துப் பிள்ளை. டாக்டர் கிடைக்காத இடத்தில் ஊர் ஆள் உதவினார் என்பதோடு இது முடிவதில்லை. ஊர் ஆளாக இருப்பதே சிகிச்சைக்கு ஒரு பலம்.

பலம்தான், அதிலேயே ஒரு சிக்கலும் உண்டு. கொங்கு நாட்டில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஊருங்க?" இரண்டாவது, "என்ன கூட்டமுங்க?" ஆலோசனை அறையிலும் அது வரும். பதில் சொன்னால் எதிரே இருப்பவர் மாமன் முறையாகிவிடக்கூடும், பங்காளி வீட்டு விஷயம் வாயைவிட்டு வராது. சொல்லாவிட்டால் திமிர் பிடித்த பொண்ணு. ரகசியம் காப்பது இந்தத் தொழிலின் முதல் விதி என்று பாடத்தில் ஒரு வரியில் இருக்கிறது. கல்யாணத்திலும் கெடாவெட்டிலும் எல்லோரும் எல்லோரையும் பார்க்கிற ஊரில் அதைக் காப்பாற்றப் பழகுவதற்கே தனியாகப் பயிற்சி வேண்டும்.

தேவை எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலப் பாதிப்பு இருந்தது. பாதிப்புக்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை. லட்சம் பேருக்கு மூன்று மனநல மருத்துவராவது வேண்டிய நாட்டில் 0.75 பேரே இருக்கிறார்கள் என்று 2023-ல் நாடாளுமன்றக் குழு சொன்னது. மாணவர்களைப் பற்றிய எண் இன்னும் கொடுமை: தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022-ல் தமிழ்நாட்டில் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 1,416 பேர். பிளஸ் டூவில் மாநில ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தை 2017-ல் நிறுத்தியவர் கோபிசெட்டிபாளையத்துக்காரரான அன்றைய அமைச்சர் செங்கோட்டையன். நல்ல காரியம். ரேங்க் போனது, பயம் போகவில்லை. (பேச ஆள் தேவைப்படுகிற யாரும் 14416-ஐ அழைக்கலாம்; தமிழில், இலவசமாக, எந்நேரமும்.)

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பெண்ணின் மரணம் தொடர்பான வழக்கு அது. நூறும் அதற்கு மேலும் மாணவர் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப்பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்றது. கோவையிலும் நாமக்கல்லிலும் நூறு மாணவரும் அதற்கு மேலும் உள்ள பள்ளி, கல்லூரி, கோச்சிங் சென்டர் எத்தனை இருக்கும்? எழுத்தில் பார்த்தால், சோமனூர் அப்பாவின் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

தகுதியுள்ளவர் யார் என்பதில்தான் முடிச்சு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். ஆலோசகர் என்று போர்டு மாட்ட இதுநாள்வரை எதுவும் வேண்டியிருக்கவில்லை. சனி ஞாயிறு வகுப்பில் வாங்கிய டிப்ளமோவே போதும். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் ஆலோசகர்களையும் உளவியலாளர்களையும் ஒரு பதிவுமுறைக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. வர வேண்டியதுதான். அதன் தொடர்ச்சியாக, 2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு, தொலைநிலையிலும் ஆன்லைனிலும் உளவியல் நடத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டது. இன்னொரு பக்கம், ஏழு வருஷக் கணக்கில் கடைசி இரண்டான எம்.ஃபில். புதிய கல்விக் கொள்கையால் விடைபெறுகிறது. இந்தத் துறைக்கு 2025-26 சேர்க்கைவரை தவணை தந்தார்கள்.

எதிரே ஆள் உட்காராமல் கேட்கப் பழக முடியாது. தபாலில் வரும் பாடத்தை வைத்து ஆலோசகர் ஆவது ஆபத்து. மானியக் குழு சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் தபால் வழியில் யார் வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பி.எஸ்சி. முடித்த கையோடு சம்பளத்துக்குப் போயாக வேண்டிய பிள்ளைகள். பகலில் ஸ்பெஷல் ஸ்கூலிலோ கம்பெனி எச்.ஆரிலோ வேலை, ராத்திரி அண்ணாமலை அல்லது இக்னோ புத்தகம். முதுகலையை அவர்கள் அப்படித்தான் முடித்தார்கள். ரெகுலர் எம்.எஸ்சி. என்றால் இரண்டு வருஷம் வருமானம் இல்லை. பயிற்சிக்கு மருத்துவமனைக்குப் போனாலும் பணம் வராது, சில இடங்களில் மாணவர்தான் கட்ட வேண்டும். வேலைக்குப் போன பிறகு மூத்தவரிடம் மேற்பார்வை பெறுவதற்கும் மணிக்கணக்கில் கட்டணம். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை.

வேலை பெருகப்போகிற அதே வருஷத்தில், கையில் காசில்லாத பிள்ளை நடந்துவந்த பாதையை அடைத்திருக்கிறார்கள். வேறு வாசல் திறப்பது அவ்வளவு கஷ்டமா? தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் பிற்பகல் ஷிஃப்ட் பல வருஷமாக நடக்கிறது. அங்கே எம்.எஸ்சி. உளவியலை மாலையில் நடத்தலாம். களப்பயிற்சியை மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பக்கத்துப் பள்ளிகளிலும் வைத்து, அந்த மணிநேரத்துக்கு உதவித்தொகை தரலாம். முதல் தலைமுறைச் சலுகையை இந்த முதுகலைக்கு நீட்ட ஓர் அரசாணை போதும். உச்ச நீதிமன்றம் கேட்கிற ஆட்கள் அப்போது பீளமேட்டு ஹாஸ்டல்களிலிருந்து மட்டுமல்லாமல், தறிச் சத்தத்துக்கு நடுவே அசைன்மென்ட் எழுதுகிற வீடுகளிலிருந்தும் வருவார்கள்.

(தொடரும்)