சொற்றொடர் வினை (ஆங்கில இலக்கணம்)

சொற்றொடர் வினை என்பது ஆங்கில மொழியில் ஒரு வினைச்சொல்லும் அதைத் தொடர்ந்து வரும் ஒரு சிறு வினையடையும் இணைந்து, ஒரே வினையைப் போல நின்று பொருள் தரும் அமைப்பு ஆகும். பாடநூல்களில் இது 'ஃபிரேசல் வெர்ப்' என்னும் பெயரால் அறியப்படுகிறது. 'கிவ் அப்' (கைவிடு), 'புட் ஆஃப்' (தள்ளிப்போடு), 'டர்ன் டவுன்' (மறுத்துவிடு), 'ஃபைண்ட் அவுட்' (கண்டறி) என்பன சில எடுத்துக்காட்டுகள். அன்றாட ஆங்கிலப் பேச்சில் இத்தகைய வினைகள் மிகுதியாக வழங்குகின்றன. இவற்றுடன் 'இட்', 'ஹிம்', 'தெம்' போன்ற பிரதிப்பெயர்கள் செயப்படுபொருளாக வரும்போது, அவை நிற்கவேண்டிய இடம் வரையறுக்கப்பட்டுள்ளது. அவ்விடம் மாறினால் வாக்கியம் பிழையாகும். சில இடங்களில் பொருளே வேறாகிவிடும்.

அமைப்பு

சொற்றொடர் வினையின் இரண்டாம் பகுதியாக வருவன பெரும்பாலும் 'அப்', 'டவுன்', 'இன்', 'அவுட்', 'ஆன்', 'ஆஃப்', 'பேக்', 'ஓவர்' போன்ற சிறு சொற்களே. இவை அடிப்படையில் திசையையோ இடத்தையோ குறிப்பன. 'கம் இன்' (உள்ளே வா), 'சிட் டவுன்' (அமர்) போன்றவற்றில் இத்திசைப்பொருள் தெளிவாகத் தெரிகிறது. 'டிரிங்க் அப்' என்பதில் 'அப்' திசையைக் காட்டவில்லை. குடித்து முடித்தல் என்னும் நிறைவுப் பொருளைத் தருகிறது. 'கிவ் அப்' என்பதிலோ, 'கொடு', 'மேலே' ஆகிய இரு சொற்களின் பொருளைத் தனித்தனியே அறிந்தவர்கூடக் 'கைவிடு' என்னும் பொருளை ஊகிக்க இயலாது.

பிரதிப்பெயரின் இடம்

செயப்படுபொருள் ஒரு பெயர்ச்சொல்லாக இருந்தால், அது சிறு வினையடைக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். பிரதிப்பெயராக இருந்தால், வினைக்கும் வினையடைக்கும் இடையிலேயே வரவேண்டும். விளக்கை அணை என்னும் பொருளில் வரும் வாக்கியங்கள் பின்வருமாறு அமையும்:

* 'டர்ன் ஆஃப் த லைட்' - சரி
* 'டர்ன் த லைட் ஆஃப்' - சரி
* 'டர்ன் இட் ஆஃப்' - சரி
* 'டர்ன் ஆஃப் இட்' - பிழை

இவ்விதிக்கு ஒரு காரணம் உண்டு. ஆங்கில வாக்கியத்தில் புதிய செய்தியும் அழுத்தமும் பொதுவாக இறுதியை நோக்கிச் செல்லும். பிரதிப்பெயர் முன்பே அறிந்த ஒன்றைக் குறிப்பதால் அழுத்தமின்றி ஒலிக்கிறது. எனவே அது நடுவில் ஒடுங்கி நிற்க, அழுத்தம் பெறும் வினையடை இறுதிக்கு வருகிறது. மாறாக, செயப்படுபொருள் பல சொற்களால் ஆன நீண்ட தொடராக இருந்தால், அது வினையடைக்குப் பின் வருவதே இயல்பு. சுருங்கக் கூறின், எளியது நடுவிலும் கனத்தது கடைசியிலும் நிற்கும்.

இடம் மாறினால் பொருள் மாறுதல்

'ஓவர்', 'ஆன்', 'அப்' முதலிய சொற்கள் வினையடையாகவும் வரும், முன்னிடைச்சொல்லாகவும் வரும். முன்னிடைச்சொல்லாக வரும்போது பிரதிப்பெயர் அதற்குப் பின்னரே நிற்கும். எழுத்தில் ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரு அமைப்புகளையும் வேறுபடுத்திக் காட்டுவது பிரதிப்பெயரின் இடமே ஆகும்.

* 'ஷி லுக்ட் ஓவர் இட்' - அவள் அதற்கு (எடுத்துக்காட்டாக, மதிலுக்கு) மேலாகப் பார்த்தாள். 'ஷி லுக்ட் இட் ஓவர்' - அவள் அதை (எடுத்துக்காட்டாக, கடிதத்தை) ஒருமுறை பார்வையிட்டாள்.
* 'ஐ சா த்ரூ ஹிம்' - அவனுடைய போலித்தனத்தை அறிந்துகொண்டேன். 'ஐ சா ஹிம் த்ரூ' - அவனுடைய இடர்க்காலம் முடியும்வரை துணைநின்றேன்.
* 'த டாக் டர்ன்ட் ஆன் ஹிம்' - நாய் அவன்மீது பாய்ந்தது. 'ஹி டர்ன்ட் இட் ஆன்' - அவன் அதை (எடுத்துக்காட்டாக, மின்விசிறியை) இயக்கினான்.

இரண்டாம் இணையில் சொற்கள் யாவும் ஒன்றே. எனினும் ஒரு வாக்கியம் ஒருவனின் வேடம் வெளிப்பட்டதையும், மற்றொன்று அவனுக்குக் கிடைத்த ஆதரவையும் கூறுகிறது.

வினையடை, முன்னிடைச்சொல் இரண்டும் அடுத்தடுத்து வரும் மூன்றுசொல் வினைகளும் உண்டு. 'புட் அப் வித்' (பொறுத்துக்கொள்), 'லுக் ஃபார்வர்ட் டு' (ஆவலுடன் எதிர்பார்) என்பன அத்தகையவை. இவற்றின் கடைசிச் சொல் முன்னிடைச்சொல் ஆதலால், 'புட் அப் வித் இட்' எனப் பிரதிப்பெயர் இறுதியில் நிற்கும்.

வேறுபடுத்தி அறியும் முறைகள்

ஒரு சிறு சொல் வினையடையா, முன்னிடைச்சொல்லா என்று அறிய இரு எளிய சோதனைகள் உள்ளன.

# அழுத்தம்: 'டர்ன் இட் ஆஃப்' என்பதில் 'ஆஃப்' அழுத்தம் பெறுகிறது. 'லுக் அட் இட்' (அதைப் பார்) என்பதில் வினையே அழுத்தம் பெறுகிறது, 'அட்' பெறுவதில்லை.
# இடைச்செருகல்: 'லுக்ட் கேர்ஃபுலி அட் இட்' (அதைக் கவனமாகப் பார்த்தான்) என வினைக்கும் முன்னிடைச்சொல்லுக்கும் இடையே வேறொரு வினையடையைச் சேர்க்கலாம். 'டர்ன்ட் குவிக்லி ஆஃப் த லைட்' எனச் சொற்றொடர் வினையைப் பிளந்து சேர்ப்பது பிழை.

பிற வினையடைகளின் இடம்

ஒரு செயல் எவ்வாறு நிகழ்ந்தது என்று கூறும் வினையடையும் வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையே வருவதில்லை. 'ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்' (அவள் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறாள்) என்பதே சரி. 'ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்' என்பது பிழை. செயல் எத்தனை முறை நிகழ்கிறது என்று கூறும் 'ஆல்வேஸ்', 'நெவர்', 'ஆஃபன்' போன்றவை பொதுவாக முதன்மை வினைக்கு முன்னும், துணைவினைக்குப் பின்னும் நிற்கும். 'இஸ்', 'ஆர்' போன்ற இருப்பு வினைகள் வரும்போது அவற்றுக்குப் பின் நிற்கும். இவ்விதிகள் அனைத்தும் ஒரே வாக்கியத்தில் ஒன்றுசேரலாம். 'ஷி ஆல்வேஸ் டர்ன்ஸ் இட் ஆஃப் குவிக்லி' (அவள் எப்போதும் அதை விரைவாக அணைத்துவிடுகிறாள்) என்பது அதற்கு எடுத்துக்காட்டு.

வரலாறு

பழைய ஆங்கிலத்தில் வினையின் முன் ஒட்டுகளைச் சேர்த்துப் புதிய பொருள் உண்டாக்கும் முறை பரவலாக இருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் இம்முறை தளர்ந்து, வினைக்குப் பின் தனிச்சொல்லைச் சேர்க்கும் வழக்கம் வலுப்பெற்றது. 1066ஆம் ஆண்டின் நார்மானியப் படையெடுப்பிற்குப் பின் பிரெஞ்சு, இலத்தீன் வழிச் சொற்கள் பெருகின. இதனால் ஒரே கருத்துக்கு இருவகைச் சொற்கள் நிலைத்தன. 'புட் அவுட்' என்பதற்கு இணையாக 'எக்ஸ்டிங்குவிஷ்' என்பதும், 'புட் ஆஃப்' என்பதற்கு இணையாகப் 'போஸ்ட்போன்' என்பதும் வழங்குகின்றன. முன்னவை பேச்சுவழக்கிற்கும் பின்னவை முறைசார் எழுத்திற்கும் உரியனவாகக் கருதப்படுகின்றன.

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தமது அகராதியின் முன்னுரையில், இவ்வகை இணைப்புகள் அயல்மொழியினருக்குப் பெரும் இடர் தருவன என்று குறிப்பிட்டு, அவற்றைக் கவனத்துடன் அகராதியில் சேர்த்தார். 'ஃபிரேசல் வெர்ப்' என்னும் பெயரை லோகன் பியர்சால் சிமித் 1925இல் வெளிவந்த தமது நூலில் பயன்படுத்தினார். அப்பெயரைத் தமக்குப் பரிந்துரைத்தவர் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் அவர் குறிப்பிட்டுள்ளார்.

கற்போரும் சொற்றொடர் வினைகளும்

சி. கே. ஆக்டன் 1930இல் அறிமுகப்படுத்திய 'பேசிக் இங்கிலீஷ்' என்னும் எளிய ஆங்கிலம் 850 சொற்களைக் கொண்டது. அதில் 18 வினைகள் மட்டுமே இருந்தன. ஏனைய வினைப்பொருள்கள் பெரும்பாலும் இவற்றுடன் சிறு சொற்களைச் சேர்த்தே உணர்த்தப்பட்டன. சொற்களின் எண்ணிக்கை குறைந்தாலும், இணைப்புகளின் பொருளைத் தனியே கற்கவேண்டிய சுமை குறையவில்லை என்பது அத்திட்டத்தின் மீதான திறனாய்வுகளுள் ஒன்று.

வானூர்திப் பராமரிப்புக் கையேடுகளுக்கான எளிய தொழில்நுட்ப ஆங்கிலம் இதற்கு எதிரான வழியைத் தேர்ந்தது. 1986இல் முதல் வழிகாட்டி வெளியிடப்பட்ட இம்முறை, சொற்றொடர் வினைகளைத் தவிர்க்குமாறு விதிக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத தொழில்நுட்பப் பணியாளர் ஓர் அறிவுறுத்தலைத் தவறாகப் புரிந்துகொண்டால் விபத்து நேரக்கூடும் என்பதே இதன் பின்னணி.

கற்கவேண்டிய இணைப்புகள் எண்ணற்றவை போலத் தோன்றினாலும், அடிக்கடி வருபவை குறைவே. டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிரித்தானிய தேசிய மொழித்தரவகத்தில் காணப்படும் சொற்றொடர் வினைப் பயன்பாடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை 20 வினைகளும் 8 சிறு சொற்களும் இணைவதால் அமைந்தவை.

பிற மொழிகளுடன் ஒப்பீடு

ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மன் மொழியில் பிரிபடு வினைகள் இதை ஒத்துள்ளன. 'ஆஃப்கேபென்' (கைவிடு) என்னும் வினை வாக்கியத்தில் பிரிந்து, 'இஷ் கேபெ எஸ் ஆஃப்' (நான் அதைக் கைவிடுகிறேன்) எனப் பிரதிப்பெயரை நடுவில் ஏற்கிறது.

தமிழில் இத்தகைய சிறு வினையடைகள் இல்லை. வினையெச்சத்தின் பின் வரும் 'விடு', 'கொள்', 'போடு' போன்ற துணைவினைகள் இதையொத்த பணியைச் செய்கின்றன. 'டிரிங்க் அப்' என்பதன் நிறைவுப் பொருளைக் 'குடித்துவிடு' என்பது தருகிறது. தமிழில் 'அதை' என்னும் சொல் பொதுவாக வினைக்கு முன் வரும். 'குடித்துவிடு' என்பதன் நடுவே அது புகாது. ஆகவே 'இட்' என்பதை வினையின் நடுவே வைக்கும் ஆங்கில மரபு தமிழ் மாணவர்களுக்குப் புதியது. 'டர்ன் ஆஃப்' என்று மட்டும் மனனம் செய்வதைவிட, 'டர்ன் இட் ஆஃப்', 'லுக் அட் இட்' எனப் பிரதிப்பெயருடன் சேர்த்துப் பயில்வதால் பொருளும் சொல்லின் இடமும் ஒருங்கே மனத்தில் பதியும்.