பழைய ஜிப்ஸியும் பாதையில்லாப் பயணமும்

காட்டுவழியிலும் ஆற்றுமணலிலும் செல்லும் வண்டி என்றவுடனே நம் மனக்கண்முன் தோன்றுவது, நெடிதுயர்ந்து நிற்கும் ஒரு ஜீப்பின் உருவம். தொடையளவு டயர்கள், முன்னால் இரும்புச் சட்டம், ஏறுவதற்கே ஒரு படி. உயரந்தான் ஆற்றல் என்ற எண்ணம் நம் மாணவ நண்பர்களிடையே ஆழமாக வேரூன்றி இருக்கிறது. இவ்வெண்ணத்தில் பாதி உண்மை. மற்றப் பாதி ஆபத்து. எந்தப் பாதி எது என்பதைப் பழைய மாருதி ஜிப்ஸி ஒன்றைக் கொண்டு விளக்க முற்படுகிறேன். நண்பர் ஒருவரும் நானும் பங்கு போட்டு வாங்கி, குடியிருக்கும் வீட்டின் பின்புறக் கொட்டகையில் வைத்துச் செப்பனிட்ட வண்டி அது.

ஜிப்ஸி 1985-ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. அப்பொழுது அதன் எஞ்சின் 970 கன சென்டிமீட்டர் கொள்ளளவே உடையது. 1996-இல் 1,298 கன சென்டிமீட்டர் எஞ்சினுடன் 'ஜிப்ஸி கிங்' வந்தது. 2019-இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. இடைப்பட்ட காலத்தில் நம் இராணுவமும் காவல் துறையும் வனத்துறையும் அதை எங்கெல்லாம் ஓட்டின என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஏறத்தாழ ஒரு டன் எடைதான். ஏணி போன்ற எஃகு அடிச்சட்டம். முன்னும் பின்னும் ஒரே துண்டாகிய கனத்த அச்சுகள். அவற்றைத் தாங்க வில்பட்டைகள். இவ்வில்பட்டைகளை நம் ஊர்ப் பட்டறையில் 'பட்டை' என்பார்கள். இங்குள்ள மிஸ்திரிகள் 'கமானி' என்கிறார்கள். 'கமான்' என்றால் இந்தியில் வில். சொல் வேறானாலும் உவமை ஒன்றே!

நாங்கள் வாங்கிய வண்டி ஏற்கெனவே ஒருவரால் 'உயர்த்த'ப்பட்டிருந்தது. ஜிப்ஸியின் வில்பட்டை அச்சுக்குக் கீழே அமைந்தது. அதை அவிழ்த்து அச்சுக்கு மேலே பொருத்திவிட்டால், வண்டியின் உடல் ஏறத்தாழ 5 அங்குலம் மேலெழும். செலவு குறைவு, தோற்றமோ கம்பீரம். ஆகவே இம்முறை பட்டறைகளில் மிகவும் பிரசித்தம். முந்தைய உரிமையாளர் இதைத்தான் செய்திருந்தார். நாங்கள் வண்டியின் பின்புறத்தைத் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். அச்சுக்குச் செல்லும் பிரேக் எண்ணெயின் இரப்பர்க் குழாய் வீணைத் தந்திபோல் விறைத்து நின்றது. உடல் 5 அங்குலம் உயர்ந்தது. குழாய் மட்டும் பழைய நீளத்திலேயே இருந்தது. ஒரு பெரிய பள்ளத்தில் சக்கரம் முழுவதும் இறங்கியிருந்தால் அக்குழாய் அறுந்திருக்கும். அடுத்து வரும் இறக்கம் முசோரி மலைப்பாதையாக இருந்தால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கேதான் உயரத்தின் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். பாறை தட்டுவது எதன்மேல்? பெரும்பாலும் அச்சின் நடுவே குடம்போல் தொங்கும் டிபரன்ஷியலின் மேல். வில்பட்டையை எவ்வளவு உயர்த்தினாலும் அக்குடம் ஒரு நூல்கூட மேலே வராது. ஏனெனில், அது சக்கரத்தோடு இணைந்தது, உடலோடு இணைந்ததன்று. குடத்தை உயர்த்த வல்லது டயர் ஒன்றுதான். ஜிப்ஸி கிங்குக்குரிய 205/70 ஆர் 15 டயரின் விட்டம் 668 மில்லிமீட்டர். பலரும் மாற்றிக்கொள்ளும் 235/75 ஆர் 15 டயரின் விட்டம் ஏறத்தாழ 733. வேறுபாடு 65; அதில் பாதி, அதாவது 33 மில்லிமீட்டர் அளவே குடம் உயரும். ஒன்றே கால் அங்குலத்துக்குச் சற்று அதிகம். இவ்வளவுக்குத்தான் இத்தனை ஆரவாரமா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? எனினும் ஆற்றுப் படுகையில் அந்த ஒன்றே கால் அங்குலம் பெரிது என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. டயர் பத்தில் ஒரு பங்கு பெரிதானால், கியர்களெல்லாம் அதே அளவுக்குத் தளர்ந்துவிடும். சிறிய எஞ்சின் மேட்டில் திணறும். வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 66 கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருக்கும். பிரேக்கை அதே வலுவுடன் மிதித்தாலும், நெம்புகோலின் நீளம் கூடியதால், தரையில் கிடைக்கும் தடுப்புவிசை பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குறைந்துபோகும்.

உடலை உயர்த்துவதில் இன்னொரு விளைவு, வண்டி கவிழும் கோணம். ஜிப்ஸியின் இடவல சக்கரங்களுக்கிடையே உள்ள தூரம் 130 சென்டிமீட்டர், பாதி 65. எடைமையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் காகிதக் கணக்கில் 45 பாகைச் சரிவுவரை வண்டி நிற்கும். எடைமையத்தை 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் அது 41 பாகையாகிவிடும். வில்பட்டைகள் ஒருபுறம் அமுங்குவதையும், திருப்பத்தின் வேகத்தையும், மேற்கூரையில் கட்டிய மூட்டைகளையும் சேர்த்துப் பார்த்தால், உண்மையில் கிடைப்பது அதிலும் மிகக் குறைவு. ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் கம்பியும் சாய்ந்துவிடுவதால், ஒவ்வொரு குழியிலும் வண்டி தானே பக்கவாட்டில் இழுக்கும். எஞ்சினின் சக்தியை அச்சுக்குக் கொண்டுசெல்லும் தண்டின் கோணமும் கூடி, 'கிராஸ்' எனப்படும் மூட்டுகள் விரைவில் தேயும். ஒன்றை மாற்றினால் ஒன்பதை மாற்ற வேண்டியிருக்கிறது. ஒன்பதையும் முறையாக மாற்றுவோர் இல்லாமலில்லை. அவர்களை நான் குறை கூறவில்லை. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் படம் எடுத்துக்கொள்வோரைப் பற்றியே சொல்கிறேன்.

ஆகவே நாங்கள் செய்த முதல் வேலை, வண்டியை இறக்கியது. வில்பட்டைகளைப் பழையபடி அச்சுக்குக் கீழே கொண்டுவந்தோம். வீட்டுக் கொட்டகையில் இவ்வேலை செய்வோர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. தூக்கியபின் அடிச்சட்டத்தின்கீழ் எஃகுத் தாங்கிகளை நிறுத்தியே அடியில் படுக்கவேண்டும். செங்கல்லை அடுக்குவது நம் நாட்டு வழக்கம். செங்கல் முன்னறிவிப்பின்றிப் பிளக்கும். வில்பட்டையை அச்சோடு பிணைக்கும் 'யு' போல்ட்டுகளை ஒருமுறை கழற்றினால் புதியனவே போடவேண்டும். ஒருமுறை இறுக்கப்பட்ட போல்ட் நீண்டு வலுவிழந்திருக்கும். 100 கிலோமீட்டர் ஓடியபின் அவற்றை மீண்டும் இறுக்கவும் வேண்டும்.

பின் அடிச்சட்டத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தோம். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்த இடம் பொத்தென்று ஒலிக்கும். மண்பானை வாங்குகையில் நம் பாட்டிமார் கையாளும் அதே சோதனைதான். இரண்டு இடங்களில் பொத்தென்றது. பற்றவைப்பதற்குமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றினோம். பெட்ரோல் தொட்டியையும் இறக்கிவிட்டோம். காலியான தொட்டிதானே என்று அலட்சியம் கூடாது. நிறைந்த தொட்டியைவிட ஆவி நிறைந்த தொட்டியே கொடியது.

இனி, உண்மையான ஆற்றல் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். என் அனுபவத்தில் முதலிடம் காற்றுக்கு. ஆட்களுடன் 1,200 கிலோகிராம் எடையுள்ள வண்டியில் ஒரு சக்கரம் தாங்குவது 300 கிலோகிராம். டயரில் 28 பவுண்டு காற்று இருந்தால், அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம். தரையைத் தொடும் பரப்பு சுமார் 150 சதுர சென்டிமீட்டர். அதையே 14 பவுண்டாகக் குறைத்தால் பரப்பு ஏறத்தாழ இரட்டிக்கும். கிழிந்த டயர்ச் சுவரோ விரைந்த வேகமோ இல்லாதவரையில், மணலில் இதற்கு ஈடான மாற்றம் வேறில்லை. செலவு? ஒரு காற்றழுத்தமானியும், திரும்பி வருகையில் நிரப்ப ஒரு சிறு பம்ப்பும்.

இரண்டாவது, குறைந்த கியர். ஜிப்ஸி கிங்கின் துணைக் கியர்ப்பெட்டியில் உயர்நிலை விகிதம் 1.409, தாழ்நிலை விகிதம் 2.268. அதாவது தாழ்நிலையில் சக்கரத்துக்குச் செல்லும் முறுக்குவிசை 1.6 மடங்காகும், வேகம் அதற்கேற்பக் குறையும். ஏறுவதற்கு மட்டுமன்று, இறங்குவதற்கும் இதுவே துணை. முதல் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கைத் தொடவேண்டிய தேவையே குறையும். ஆனால் நான்கு சக்கர இயக்கத்தை உலர்ந்த தார்ச்சாலையில் பயன்படுத்தலாகாது. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடவேண்டும். இவ்வண்டியில் அவ்வேறுபாட்டுக்கு இடங்கொடுக்க நடுவே டிபரன்ஷியல் இல்லாததால் பற்சக்கரங்கள் முறுக்கேறும்.

நான்கு சக்கரமும் சுழலும் வண்டி எப்படிச் சிக்கிக்கொள்கிறது என்று பலர் வியப்பதுண்டு. தனக்கு வரும் முறுக்குவிசையை இரு சக்கரங்களுக்கும் சமமாகப் பங்கிடுவதே டிபரன்ஷியலின் தருமம். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்றக் கிட்டத்தட்ட விசையே வேண்டாம். ஆகவே தரையில் நிற்கும் மற்றதற்கும் அவ்வளவே கிடைக்கும். பந்தியில் ஒருவன் சோறு வேண்டாமென்றால் பக்கத்து இலைக்கும் பரிமாறாமல் போவது போன்றது இது. முன்னச்சில் இடதும் பின்னச்சில் வலதும் தூக்கிக்கொண்டால் வண்டி நின்ற இடத்திலேயே உறுமும். இதற்குச் சிலர் டிபரன்ஷியலின் பற்களையே பற்றவைத்துவிடுகிறார்கள். சாலைத் திருப்பங்களில் டயரும் அச்சுத்தண்டும் அதற்குப் பலியாகும். பூட்டும் பொறியமைப்பு வாங்கிப் பொருத்துவதே முறை. நாங்கள் வாங்கவில்லை. சக்கரம் தரையை விடாமல் தொடுவதற்கு வில்பட்டைகளின் இதழ்களைப் பிரித்து, துருவைத் தேய்த்து, மசகிட்டுப் பூட்டினோம். துருவால் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த இதழ்கள் மீண்டும் நெகிழத் தொடங்கின.

நாங்கள் செல்லும் இடம் சிவாலிக் மலையடிவாரம். அங்கு 'ராவ்' எனப்படும் காட்டாறுகள் ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணலும் உருண்டைக் கல்லுமாய்க் கிடக்கும். மழைபெய்தால் வெள்ளம் சொல்லாமல் வரும். 1854-இல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாயில், ராணிப்பூர் ராவைத் தடுக்க முயலாமல் கால்வாயின் மேலேயே பாலமிட்டு ஓடவிட்டார்கள் என்றால் அதன் வேகத்தை அறியலாம். ராஜாஜி புலிகள் காப்பகத்துக்குட்பட்ட படுகைகளில் நம் இஷ்டத்துக்கு வண்டி ஓட்ட உரிமையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீரைக் கடப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த நீரில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, 'சீல்' வழியே நீரை உறிஞ்சும். இரண்டு நாள் கழித்து எண்ணெயைத் திறந்து பார்த்தால் பால்போல் வெளுத்திருக்கும். அச்சின் மூச்சுத்துளையில் ஒரு நீண்ட இரப்பர்க் குழாயைச் செருகி, எஞ்சின் அறையின் உச்சியில் கட்டிவிட்டால் காற்று அவ்வழியே வரும், நீர் வராது. எங்கள் வண்டியில் நாங்கள் செய்த மாற்றங்களிலேயே மிக மலிவானது இதுதான்.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. சொந்த வண்டிக்கு 15 ஆண்டு முடிந்தால் ஆய்வுக்குக் காட்டியே பதிவைப் புதுப்பிக்க வேண்டும். உயர்த்திய வண்டியுடன் அங்கே நிற்பது சங்கடம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவே. நாங்கள் 205 அளவிலேயே கரடான பள்ளங்கொண்ட டயர்களைப் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இழுத்து மீட்பதற்கு அடிச்சட்டத்தோடு போல்ட்டிட்ட கொக்கிகளை முன்னும் பின்னும் வைத்திருக்கிறோம். இழுவண்டி பூட்டும் குண்டில் மட்டும் கயிற்றை மாட்டக் கூடாது; அது முறிந்தால் பீரங்கிக் குண்டாகிவிடும். கயிறு விறைத்திருக்கும்போது அதன் நடுவே ஒரு நனைந்த சாக்கைப் போட்டு, மற்றவர்கள் விலகி நிற்பது வழக்கம். பின்னச்சின் இடப்புறச் சீலில் இப்பொழுது சிறு கசிவு தெரிகிறது. மழைக்காலம் முடிந்தபின் அதைத்தான் கழற்றவேண்டும்.