பள்ளி மேலாண்மைக் குழுவில் நமது நாற்காலி



பாபாசாகேப் அம்பேத்கர் நினைவு நாளில் கல்வியைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் நாம் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசுகிறோம். இட ஒதுக்கீடு, உதவித்தொகை, ஆராய்ச்சிப் படிப்பு என்று பேச்சு மேலேயே நிற்கிறது. இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது அதைவிடச் சிறிய இடம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியும், அதை நடத்துவதில் பெற்றோருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பங்கும்தான் இன்றைய பொருள். பள்ளி மேலாண்மைக் குழு என்ற பெயரை நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் தெருவிலிருந்து அந்தக் குழுவில் யார் இருக்கிறார் என்று கேட்டால் இங்கே எத்தனை பேர் பெயர் சொல்வோம்?

பள்ளியை உள்ளூர் மக்கள் கையில் கொடுப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அம்பேத்கர் அப்படி எளிதாக நம்பவில்லை. 1923இல் பம்பாய் மாகாணத்தில் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. தொடக்கப் பள்ளிகளின் நிர்வாகம் உள்ளாட்சிகளின் பள்ளி வாரியங்களுக்குப் போனது. 1928 மே மாதம் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் சார்பில் சைமன் குழுவுக்கு அவர் அளித்த அறிக்கை இதை எதிர்த்தது. பள்ளிகளை வாரியங்களிடம் ஒப்படைப்பதை நிறுத்தாவிட்டால் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் கல்வி பெரும் பின்னடைவைச் சந்திக்கும் என்று எச்சரித்தார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அரசியலின் அடிப்படை அலகாக வைக்க மறுத்தபோதும் அவரிடம் வேலை செய்தது இதே ஐயம்தான். உள்ளூர் என்றால் யாருடைய உள்ளூர் என்று அவர் கேட்டார்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை விளங்கிக்கொள்ள நமக்குப் புத்தகம் தேவையில்லை. ஊர்ப் பள்ளியில் நம் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பதால்தான் 1894இல் சென்னையில் ஆல்காட், பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அதற்குப் பின்னால் அயோத்திதாசப் பண்டிதரின் முயற்சி இருந்தது. பிறகு தொழிலாளர் துறை நமக்கெனப் பள்ளிகளை நடத்தியது. அந்த மரபின் தொடர்ச்சியே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். பொதுப் பள்ளி என்று பெயரளவில் இருந்தது நமக்குப் பொதுவாக இருக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைப் படிக்க வேண்டும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்குகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அந்தப் பிரிவின் இன்னொரு வரிதான் நமக்கு முக்கியம்: வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுகளையும் நலிந்த பிரிவுகளையும் சேர்ந்த குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதாசாரப் பிரதிநிதித்துவம் தரவேண்டும். 1928இல் அம்பேத்கர் எழுப்பிய அச்சத்துக்குச் சட்டம் தந்த பதில் இந்த ஒரு வரி. ஒரு வரம்பையும் நினைவில் வைக்க வேண்டும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். அரசுப் பள்ளிகளில்தான் அதற்கு முழுப் பணி உண்டு.

2022இல் ‘நம் பள்ளி நம் பெருமை’ என்ற பெயரில் தமிழக அரசு இந்தக் குழுக்களை மாநிலம் முழுவதும் மறுகட்டமைத்தது. அப்போது ஒரு குழுவுக்கு 20 உறுப்பினர்கள், அவர்களில் 15 பேர் பெற்றோர். 2024இல் மீண்டும் மறுகட்டமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது.

விகிதாசாரம் என்பதைக் கணக்காகப் பார்ப்போம். ஒரு பள்ளியில் 40 பிள்ளைகள், அவர்களில் 30 பேர் சேரிப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோருக்கு 15 இடங்கள் என்றால் அவற்றில் 11 இடம் நம்முடையது. ஊரின் மக்கள்தொகையை இங்கே கணக்கில் எடுப்பதில்லை, பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைத்தான் எடுக்க வேண்டும். இன்று பல கிராமங்களில் சாதி இந்துக்களின் பிள்ளைகள் வேன் ஏறித் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். ஊர்த்தெருவில் நிற்கும் அரசுப் பள்ளி சேரிப் பிள்ளைகளால்தான் உயிரோடு இருக்கிறது. ஆனாலும் அந்தப் பள்ளியின் காரியங்களை முடிவு செய்வது பிள்ளைகளை அங்கே அனுப்பாதவர்கள்தான். பள்ளி மேலாண்மைக் குழுவை நாம் பேச வேண்டிய காரணம் இந்த முரண்பாட்டில் இருக்கிறது.

எண்ணிக்கை இருந்தும் அதிகாரம் எப்படி நழுவுகிறது? நாங்கள் பார்த்தவரை அதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது, தேர்வு செய்யும்போதே எதிர்த்துப் பேசமாட்டார் என்று தெரிந்த பெண்ணின் பெயரை எழுதிக்கொள்வது. இரண்டாவது, கூட்ட நேரம். வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டம் என்றால் களை எடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போன தாய் அரை நாள் கூலியை இழந்துதான் வரவேண்டும். மூன்றாவது, தீர்மான நோட்டு வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிப் போவது. நான்காவது, நாற்காலி. 2020இல் கடலூர் மாவட்டத்தில் தலித் பெண் ஊராட்சித் தலைவரையே கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். தேர்தலில் வென்ற தலைவருக்கே அந்த நிலை என்றால், குழு உறுப்பினரான ஒரு கூலித் தொழிலாளிப் பெண் நாற்காலியில் உட்காருவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் குழுவுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. பள்ளியின் நடவடிக்கைகளைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை சட்டம் சொல்லும் பணிகள். சமக்ர சிக்ஷா திட்டத்தின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 பிள்ளைகள் வரை 25,000 ரூபாய், 250 பிள்ளைகள் வரை 50,000 ரூபாய். சிறிய தொகைதான். ஆனால் அதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது விதி.

அந்தப் 10 விழுக்காட்டுக்குப் பின்னால் நம் பிள்ளைகளின் கண்ணியம் இருக்கிறது. 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில், பட்டியல் சாதி மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்ததாக ஒரு தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர் கைது செய்யப்பட்டார். விஷயம் காவல் நிலையத்துக்கு வருவது பிள்ளைக்கு உடம்பு கெட்ட பிறகு அல்லது வீட்டில் சொல்லி அழுத பிறகுதான். குழுவில் மாதந்தோறும் ஒருவர் எழுந்து, ‘கழிப்பறையைச் சுத்தம் செய்ய யார் வருகிறார், அவருக்குக் கூலி எந்தக் கணக்கில் போகிறது’ என்று கேட்டு, பதிலை நோட்டில் எழுத வைத்தால் பிள்ளையின் கையில் துடைப்பம் போவது கடினம்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். சமையல் அறையில் யார் நிற்கிறார், பந்தியில் யார் எங்கே உட்காருகிறார் என்பதைப் பிள்ளைகள் ஐந்து வயதிலேயே படித்துக்கொள்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்த கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறு உட்படப் பல அடையாளங்களைப் பள்ளியிலிருந்து அகற்றச் சொன்னது. கயிறு கையில் ஏறுவது உயர்நிலைப் பள்ளியில் என்றாலும், அதற்கான பாடம் தொடக்கப் பள்ளிப் பந்தியிலேயே தொடங்கிவிடுகிறது.

இனி, செய்ய வேண்டியவை.

குழு மறுகட்டமைப்புக்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் பிரிவுவாரியான மாணவர் எண்ணிக்கையைக் கேட்டு, நமக்கு எத்தனை இடம் என்று கணக்கிட வேண்டும். அந்த இடங்களை நம்மிலேயே ஒரு சாதி மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அருந்ததியர் வீட்டுத் தாயும் இருளர் வீட்டுத் தாயும் குழுவில் இருந்தால்தான் விகிதாசாரம் என்ற சொல்லுக்கு நேர்மை உண்டு. கூட்டத்துக்கு யாரும் தனியாகப் போக வேண்டாம், இருவர் மூவராகப் போகட்டும். கூட்டத்தை மாலை நேரத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்கட்டும். தீர்மானத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குத் துணை நிற்பது நம் இரவுப் பாடசாலைகளின் வேலை.

குழுவில் நிறைவேறிய தீர்மானத்தைக் கிராம சபைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அங்கேயும் காது கேட்காவிட்டால், சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் மேலே குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது.

ஆசிரியரை எதிரியாக நிறுத்துவதால் பயன் இல்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் அளவு. அந்த இருவரில் ஒருவர் அலுவலகத்துக்கும் பயிற்சிக்கும் அலைந்தால் ஐந்து வகுப்பும் மற்றொருவர் தலையில்தான். ஆசிரியர் பணியிடத்தை நிரப்பச் சொல்லிக் குழு தீர்மானம் போட்டால் அது அவருக்கும் பலம். பட்டியல் சாதிப் பிள்ளையை அடிப்பதும் சாதி சொல்லித் திட்டுவதும் வேறு விஷயம். அங்கே சட்டம்தான் பேச வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் இத்தகைய பள்ளிகளில் படித்து வந்தவர்கள். முன்னாள் மாணவர் என்ற முறையில் குழுவில் உங்களுக்கும் இடம் உண்டு. அங்கே போய் நீங்கள் தலைமை தாங்க வேண்டியதில்லை. உங்கள் அத்தையோ சித்தியோ பேச எழும்போது பக்கத்தில் இருந்து, அவர் சொன்னது சொன்னபடி நோட்டில் ஏறுகிறதா என்று பாருங்கள்.

அம்பேத்கரின் 1928ஆம் ஆண்டு எச்சரிக்கை இன்றும் காலாவதியாகவில்லை. அவர் அஞ்சிய உள்ளூர் இன்றும் இருக்கிறது. அன்று வாரியங்களில் நமக்குக் கிடைக்காத இடங்களை இன்று சட்டம் நம் பெயரில் எழுதியிருக்கிறது. நாம் போய் உட்காராவிட்டால் அந்த இடங்கள் மறுபடியும் ஊரின் கைக்கே போகும். வரும் திங்கட்கிழமை உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய்க் குழு உறுப்பினர் பட்டியலைக் கேளுங்கள். அதில் நம் தெருப் பெண்களின் பெயர் இருந்தால், அவர்களைப் போய்ப் பாருங்கள்.

ஜெய்பீம்.