கண்ணாடியில் பார்த்த பெட்ரோல்

1997 அக்டோபர் 12, ஞாயிறு பிற்பகல். கலிபோர்னியாவில் மான்டரே விமானத் தளம். உலகறிந்த பாடகர் ஒருவர், புதிதாக வாங்கிய இரண்டு இருக்கை விமானத்தின் பக்கத்தில் நிற்கிறார். கூடவே ஒரு மெக்கானிக். இருவருக்கும் ஒரே தலைவலி: ஒரு டேங்க்கிலிருந்து மற்ற டேங்க்குக்கு மாற்றும் வால்வு கைக்கு எட்டவில்லை. யாரோ ஒருவர் தம் கையாலேயே கட்டிய விமானம் அது. மூல வரைபடத்தில் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருந்தது. எரிபொருள் குழாய் ஆள் உட்காரும் இடத்துக்குள் வரவேண்டாமே என்று கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

கைப்பிடியில் இடுக்கியை மாட்டிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. அளவு காட்டும் குழாய்களும் இருக்கைக்குப் பின்னால்தான். அவற்றைப் பார்க்க மெக்கானிக் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தார். ஒரு டேங்க்கில் பாதிக்கும் குறைவு, மற்றதில் கால்வாசிக்கும் குறைவு. நிரப்பிக்கொள்ளவில்லை பாடகர். ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன் என்றார்.

அன்று மாலையே விமானம் மான்டரே வளைகுடாவில் விழுந்தது. அவர் உயிரோடு திரும்பவில்லை. அந்த வால்வைத் திருப்ப உடம்பையே பின்பக்கம் திருப்ப வேண்டும்; அப்போது வலது கால் தன்னையறியாமல் பெடலை மிதித்துவிடும் என்று விசாரித்தவர்கள் உட்கார்ந்து பார்த்தே சொன்னார்கள். பறந்த உயரமோ 500 அடிக்குள்.

நம் பழைய பைக்கில் ரிசர்வுக்கு மாற்றுவது நினைவிருக்கிறதா? வண்டி இருமத் தொடங்கியதும் இடது கை தானாகக் கீழே போகும், கண் சாலையிலேயே இருக்கும். அப்படியும் நின்றுபோனால் தள்ளிக்கொண்டு போகலாம். ஆகாயத்தில் அந்த வசதி கிடையாது.

பாடகர் கற்றுக்குட்டி அல்ல. 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அமெரிக்காவில் 2011 முதல் 2015 வரை ஆண்டுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு விமான விபத்துகள் எரிபொருளைக் கவனிக்காததால் நேர்ந்தன. அவற்றை ஓட்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் உரிமம் பெற்றவர்கள். அனுபவம் சில நேரம் 'போதும்' என்று சொல்லத்தான் கற்றுக்கொடுக்கிறது போலும்.

லைட் ஸ்போர்ட் எனப்படும் இலகு விமானங்களில் இந்தப் 'போதும்' இன்னும் நெருக்கடியானது. தரையிலிருந்து எழும்பும்போது மொத்த எடை 600 கிலோவைத் தாண்டக் கூடாது என்று 2004-ல் அமெரிக்கா விதி வகுத்தது. 2025-ல் அதைத் தளர்த்திவிட்டார்கள். ஆனாலும் அந்த விதிக்கேற்பச் செய்த விமானங்கள்தான் இன்றும் நிறையப் பறக்கின்றன. காலி விமானம் 370 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 90 கிலோ ஆசாமிகள் இரண்டு பேர் ஏறினால் மிச்சம் 50 கிலோ, அதாவது சுமார் 70 லிட்டர். டேங்க்கில் 100 லிட்டர் பிடித்தாலும் நிரப்ப முடியாது. நண்பரின் தொப்பைக்கும் பெட்ரோலுக்கும் நடுவே நடக்கும் பேரம் இது. 100 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு 20 லிட்டர் குடித்தால், பகல் பயணத்துக்குச் சட்டம் கேட்கும் அரை மணி நேரக் கையிருப்பு வெறும் 10 லிட்டர். எதிர்காற்று கொஞ்சம் வலுத்தாலே அதில் கைவைக்க வேண்டியதுதான்.

இப்போதுதான் எலக்ட்ரானிக் திரைகள் வந்துவிட்டனவே என்பீர்கள். என் கவலையே அங்கேதான் தொடங்குகிறது. மிச்ச எரிபொருளைப் புள்ளி பிசகாமல் காட்டும் அந்தக் கருவிகளில் பல, டேங்க்கை எட்டிப் பார்ப்பதே இல்லை. விமானி கிளம்பும்போது என்ன எண்ணைத் தட்டினாரோ அதிலிருந்து, எஞ்சினுக்குப் போனதைக் கழித்துக்கொண்டே வரும். டேங்க் மூடி வழியாக வழிந்து போனது அதன் கணக்கில் வராது. 60 லிட்டர் இருக்கும்போது 'ஃபுல்' என்று தட்டினால், அந்தப் பொய்யிலிருந்து மிக நாணயமாகக் கழித்துக்கொண்டிருக்கும். அந்தப் பாடகரின் கண்ணாடியிலாவது நிஜமான பெட்ரோல் தெரிந்தது.

இந்தத் திரைகள் பலரைக் காப்பாற்றியிருக்கின்றன என்று பொறியாளர்கள் சொல்வார்கள். இருக்கட்டும்.

எனக்குப் பிடித்த கருவி ஒரு மரக்குச்சி. டேங்க்கைக் காலி செய்து ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஈரம் ஏறிய இடத்தில் கோடு கிழித்துக்கொள்வார்கள். ஒரு விமானத்தின் குச்சி இன்னொன்றுக்கு உதவாது. கிளம்பும் முன் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். விமானம் மட்டும் சமதளத்தில் நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் குச்சியும் பொய் சொல்லும்.