24 ஜிபி யாருக்குத் தேவை?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் வந்து குடியேறிய ஊர்களில் ஒன்று பாலாவி. இங்கே கல்யாண வீடியோ எடிட் செய்து உழைக்க நினைக்கும் இளைஞருக்குக் கிராபிக்ஸ் காட் என்பது பெரும்பாலும் கடன் காசு, இல்லையேல் வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் காசு.

2020 செப்டெம்பரில் என்விடியா நிறுவனம் 10 ஜிபி நினைவகமுள்ள ஆர்டிஎக்ஸ் 3080 ஐ 699 டொலருக்கும், 24 ஜிபி உள்ள 3090 ஐ 1499 டொலருக்கும் அறிவித்தது. விலை இரண்டு மடங்குக்கு மேல். கணினி விளையாட்டுகளில் கூடிய வேகமோ ஏறத்தாழ 10 முதல் 15 வீதம்தான்.

நினைவகம் தையற்காரர் துணி விரிக்கும் மேசை மாதிரி. மேசை பெரிதானால் கை வேகமாகாது. ஆனால் துணி மேசையில் கொள்ளாவிட்டால் வேலை இழுபடும், சிலவேளை நின்றே போகும். 8கே வீடியோ, பெரிய முப்பரிமாணக் காட்சிகள், செயற்கை நுண்ணறிவு வேலைகள் அப்படியானவை. அவற்றுக்கு 24 ஜிபி பெறுமதியானது. சாதாரண எச்டி வீடியோவுக்கு அது வீண் செலவு.

நம் நாட்டில் ரூபாவின் வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. 2022 தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. அதே 1499 டொலர், வரியும் கடை இலாபமும் சேராமலே, 3 இலட்சத்திலிருந்து 5.4 இலட்சம் ரூபாவானது.

வாங்க முன்னர், இப்போதுள்ள கணினியில் வேலை ஓடும்போது டாஸ்க் மனேஜரில் ஜிபியு நினைவகம் நிரம்புகிறதா என்று பாருங்கள். நிரம்பவில்லையென்றால் மிச்சக் காசுக்கு ஒரு நல்ல யுபிஎஸ் வாங்கலாம்.